தறிச் சத்தத்துக்கு நடுவே ஆன்லைன் இன்டர்வியூ

வாசகி ஒருவரின் கடிதம்:

"சோமனூர் பக்கம் எங்கள் ஊருங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 3 வருடமாக ஜூனியர் மெர்ச்சண்டைசராக (ஆர்டரை ஷிப்மென்ட் வரைக்கும் பின்தொடர்கிற வேலை) இருக்கிறேன். பெங்களூரில் வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே ஆர்டர் கொடுத்து வாங்கும் ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வரும் வியாழக்கிழமை மதியம் 3 மணிக்கு டீம்ஸில் இன்டர்வியூ. ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டை ஒட்டிய செட்டில் 8 தறி ஓடுகிறது. அந்த நேரம் மட்டும் நிறுத்திக்கலாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். ஆனால் பக்கத்து வீட்டிலும் தறிதான். லேப்டாப் 6 வருடப் பழசு, 4 ஜிபி ராம். போன தடவை வேறொரு கம்பெனிக்கு இப்படித்தான் வீட்டிலிருந்து பேசினேன். பதில் எல்லாம் தெரிந்ததுதான், சொன்னேன். 20 நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், அப்புறம் தகவலே இல்லை. என் இங்கிலீஷ்தான் காரணமா? பேசாமல் செல்போனிலேயே அட்டெண்ட் பண்ணிவிடலாமா? இன்னொரு விஷயம்: என் தம்பிக்கு டெலிகிராமில் இன்டர்வியூ வைத்து வேலை கிடைத்துவிட்டது என்கிறார்கள். லேப்டாப் அனுப்ப 4,500 ரூபாய் டெபாசிட் கேட்கிறார்கள். கட்டலாமுங்களா?"

பதில்:

நீங்கள் இங்கிலீஷைச் சந்தேகப்படுகிறீர்கள். எனக்குத் தறிமேல்தான் சந்தேகம்.

நேரில் பேசும்போது ஒரு வார்த்தை சரியாகக் காதில் விழாவிட்டாலும் உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்து எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். திரையில் அது நடக்காது. "கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று ஒரு தடவை கேட்பார், இரண்டு தடவை கேட்பார். மூன்றாவது தடவை கேட்க அவருக்கே சங்கடமாகிவிடும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். உங்களுக்கோ நல்ல பதில் சொன்ன திருப்தி. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது பாதிதான். 20 நிமிடத்தில் முடிந்தது என்றதும் இதுதான் முதலில் தோன்றுகிறது. அதனால் இந்தத் தடவை உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் குரலுக்குச் செலவிடுங்கள். முகம், பின்னணி எல்லாம் அதற்கு அப்புறம்.

டீம்ஸ், ஜூம், மீட் எல்லாவற்றிலும் இரைச்சலை வடிகட்டும் வசதி இருக்கிறது. ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தை அது நன்றாகவே எடுத்துவிடும். தறிச் சத்தம் அப்படி இல்லை. தறி நாடா (ஷட்டில்) ஒவ்வொரு தடவை அடிபடும்போதும் வெட்டி வெட்டி வருகிற சத்தம் அது. அதை அமுக்கப் போய் உங்கள் குரலையும் சேர்த்து அமுக்கிவிடும், வார்த்தையின் கடைசி எழுத்துகள் காணாமல் போகும். இதில் மோசம் என்னவென்றால், உங்களுக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் குரல் அந்தப் பக்கம் எப்படி விழுகிறது என்பதைப் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் லேப்டாப்பில் கேட்க முடியாது.

அதனால் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். வேறு ஊரில் இருக்கும் தோழி ஒருவரை டீம்ஸிலோ மீட்டிலோ கூப்பிட்டு, எங்கே உட்கார்ந்து பேசப் போகிறீர்களோ அங்கே, பேசப் போகும் அதே மதிய நேரத்தில் 2 நிமிடம் இங்கிலீஷில் பேசுங்கள். அவர் தன் லேப்டாப் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் செல்போனை வைத்து அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நீங்கள் சொன்ன எண்களும் ஊர்ப் பெயர்களும் அதில் தெளிவாக விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். "நல்லாத்தான் கேக்குதுங்க" என்று அவர் சொல்வதை நம்ப வேண்டாம். தோழி அப்படித்தான் சொல்வார்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாமனார் தறியை நிறுத்தச் சம்மதித்தது பெரிய மனசு, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய்க் கேட்க வேண்டும், அவர் சரியென்றாலும் அதற்கடுத்த வீடு ஓடும். சுவரில் சென்னிமலைப் போர்வையைத் தொங்கவிட்டு, தரையில் பவானி ஜமுக்காளம் விரித்தால் அறைக்குள் எதிரொலி குறையும். சுவர் வழியாக வருகிற சத்தத்தைத் துணி தடுக்காது. தறி ஓடும்போது சுவரை ஒட்டிய மேஜையும் மெல்ல அதிரும், கேமராவில் படம் நடுங்கும். கருமத்தம்பட்டியிலோ கோவையிலோ தறி இல்லாத தெருவில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே போய்விடுங்கள். இல்லாவிட்டால் கோவையில் மணிக்கணக்கில் அறை வாடகைக்குத் தரும் கோ-ஒர்க்கிங் இடங்கள் இருக்கின்றன. கதவு மூடும் தனி அறைதானா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பொது மேஜை என்றால் பக்கத்தில் இருப்பவர் போன் பேசுவார், வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு எடுங்கள். ஒரு மணி நேர இன்டர்வியூ நீளும், முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து பழகவும் வேண்டும்.

எதுவுமே அமையாவிட்டால் கடைசி வழி, கார். ஊருக்கு வெளியே புளியமர நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசினால் குரல் அருமையாகப் போகும். சீட்டும் மேல் துணியும் எதிரொலியை விழுங்கிவிடும். சிக்கல் புழுக்கம். கூடவே சிக்னலை முன்னதாகப் போய்ப் பார்த்துவைக்க வேண்டும். தென்னந்தோப்பு வேண்டாம், ஓலை ஆடுகிற நிழல் முகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கே உட்கார்ந்தாலும் வயர் வைத்த, மைக் உள்ள சாதாரண இயர்போன் போதும். புளூடூத் இயர்பட்ஸில் பாட்டு நன்றாகக் கேட்கும், ஆனால் மைக் ஓடத் தொடங்கியதும் ஒலியின் தரம் இறங்கிவிடும், டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகும். நடுவில் சார்ஜும் தீரும். வயர் மைக் துப்பட்டாவிலோ சேலை மடிப்பிலோ உரசாமல் ஒரு கிளிப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த உரசல் எதிரில் புயல் மாதிரி கேட்கும். கண்ணாடி வளையல் போட்டிருந்தால் அன்றைக்கு மட்டும் கழற்றிவையுங்கள்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று துணைமின் நிலைய வாரியாக மின்தடை அறிவிப்பார்கள். காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை என்றால் உங்கள் 3 மணி அதற்குள்தான் விழுகிறது. புதன்கிழமை நாளிதழில் நீங்கள் போகிற இடத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள், சந்தேகமிருந்தால் மின்னகம் 94987 94987-இல் கேளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ரவுட்டர் ஓடும் என்று நம்பி உட்காராதீர்கள். தெருமுனையில் கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டிக்குக் கரண்ட் போனால், ரவுட்டரில் விளக்கு எரியும், நெட் இருக்காது.

ஆகவே செல்போன் நெட்டைத் தயாராக வையுங்கள். ஒருவருக்கொருவர் பேசும் நல்ல தரமான வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி இழுக்கும். உங்கள் பேக் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்றால், காலையில் பஸ்ஸில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தால் மதியம் 3.30 மணிக்கு அளவு தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். வீடியோ அங்கேயே நிற்கும். அன்றைக்கு டேட்டாவைத் தொடாதீர்கள், அல்லது ஒரு ஆட்-ஆன் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீட் டெஸ்ட் பார்க்கிறவர்கள் டவுன்லோடு எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடில். அது 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல், 5 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தாலும் அப்படியே நிற்க வேண்டும். போனை லேப்டாப்போடு இணைக்க வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி கேபிள் வழி டெதரிங் நிலையாக இருக்கும், போனும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்.

செல்போனிலேயே பேசலாமா என்றால், பேசலாம். 6 வருட லேப்டாப்பின் கேமராவையும் மைக்கையும்விட உங்கள் போன் நன்றாகவே இருக்கும். ஒரே தடை ஸ்கிரீன் ஷேர். எக்ஸெல் ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னால் போனில் தடுமாறுவீர்கள். ஹெச்ஆருக்கு ஒரு வரி மெயில் போட்டு ஸ்கிரீன் ஷேர் தேவைப்படுமா என்று கேட்டுவிடுங்கள், அதே மெயிலில் லைன் கட்டானால் கூப்பிட ஒரு போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். வேலையே ஃபாலோ-அப் வேலைதானே.

போனில் என்றால் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் படுக்கை வசமாக வைத்து, டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, அழைப்புகளும் வராதபடி அதில் தேர்ந்தெடுங்கள். வைஃபை என்றால் ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யலாம். லேப்டாப்பில் என்றால் காலையிலேயே ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவைத்து, குரோமில் இருக்கிற 20 டேபையும் மூடி, சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள். பேட்டரியில் ஓடும்போது பழைய லேப்டாப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னணியை மங்கலாக்கும் பிளர் வேண்டாம். 4 ஜிபி ராமுக்கு அது சுமை, படமும் குரலும் இழுக்க ஆரம்பிக்கும். அதோடு உங்கள் தொழிலில் துணி சாம்பிளைத் தூக்கிக் காட்ட வேண்டி வரும், கையில் இருப்பதையும் பிளர் விழுங்கிவிடும். வெறும் வெள்ளைச் சுவர் போதும். லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் ஆடியோவோடு நுழைந்தால் கீச்சென்று ஊளையிடும், ஏதாவது ஒன்றில் மட்டும் ஆடியோ.

கேமராவைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்புக்கு அடியில் நாலைந்து தடிப் புத்தகம். ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். பொடிக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட துணி திரையில் அலையலையாக நெளியும், ஒரே நிறமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் வரும் இடத்தில் மாமனாரின் பெயரோ போன் மாடலோ இல்லாமல் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 10 நிமிடம் முன்னதாக நுழையுங்கள்.

இனி பதில்கள். திரையில் உங்களை யாரும் இடைமறிக்க முடியாது. குரல் போய்ச் சேரச் சற்றே தாமதமாகும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் நிறுத்தி, "யூ ப்ளீஸ்", "நோ நோ, யூ ப்ளீஸ்" என்று ஆகும். அதற்குப் பயந்தே கேள்வி கேட்பவர் உங்களை ஓடவிட்டுவிடுவார். நீங்கள் 4 நிமிடம் பேசுவீர்கள், அவர் ரெஸ்யூமேயின் அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருப்பார். எனவே ஒரு பதில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக்கூடாது, முடிவு முதலில் வர வேண்டும்.

உதாரணமாக, ஷேட் வேரியேஷன் (ஒரு லாட் சாயத்துணிக்கும் இன்னொரு லாட்டுக்கும் நிறம் மாறுவது) வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். நம் ஆட்கள் வழக்கமாக நூல் புக் பண்ணியதிலிருந்து தொடங்குவார்கள். நிட்டிங் எங்கே கொடுத்தோம், டையிங்காரர் என்ன சொன்னார், அவருக்குத் தண்ணீர்ப் பிரச்சினை என்று ஓடி, விஷயத்துக்கு வருவதற்குள் கேட்டவர் சோர்ந்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "12,000 பீஸ் ஆர்டர். ஷிப்மென்ட் தேதி தள்ளாமல் முடித்தோம். மூன்றாவது டையிங் லாட் அப்ரூவ் ஆன லேப் டிப்பைவிட (சாய மாதிரித் துண்டைவிட) ஒரு டோன் அடர்த்தியாக வந்தது. கட்டிங்குக்கு முன்பே லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை வெளிச்சம்) இரண்டிலும் வைத்துப் பார்த்ததில் தெரிந்தது. ஷேட் பேண்ட் (நிற வேறுபாட்டைக் காட்டும் துணித் துண்டுகளின் வரிசை) தயார் செய்து பையருக்கு அன்றைக்கே அனுப்பினேன். அந்த லாட்டைத் தனியாக வெட்டி, தனி கார்ட்டனில் போட ஒப்புதல் வாங்கினேன்." அவ்வளவுதான். நிறுத்திவிட்டு, "ஷல் ஐ கோ இன்டு டீடெயில்ஸ்?" என்று கேளுங்கள். கேட்பவருக்கு உள்ளே வர ஒரு வாசல் கிடைக்கும். உங்கள் கையில் நடந்த ஆர்டர்களில் இப்படி நான்கைத் தேர்ந்தெடுத்து, வாய்விட்டுச் சொல்லி, போனில் நேரம் பார்த்துப் பழகுங்கள். எல்லாவற்றிலும் "வீ டிட்" என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள், நீங்கள் செய்தது எது என்று தெரிய வேண்டும்.

இன்னொன்றை யோசித்துவைத்துக்கொள்ளுங்கள். இதுவரை நீங்கள் பேக்டரி பக்கம் உட்கார்ந்து பையிங் ஆபீஸுக்குப் பதில் சொன்னவர். இப்போது நாற்காலி மாறுகிறது. "பேக்டரியில் 'ஆயிருங்க', அதாவது முடிந்துவிடும், என்று சொன்னால் அது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்ற கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் வரும். இதில் உங்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது, அந்த "ஆயிருங்க"வை இத்தனை நாள் டைப் செய்தவரே நீங்கள்தானே. கட்டிங் முடிந்தது என்று வாய்ச் சொல்லாகக் கேட்காமல் கட்டிங் ரிப்போர்ட்டில் அளவுவாரி எண்ணிக்கை கேட்பேன், தையலில் தினசரி அவுட்புட் வாங்கி, மீதி பீஸை மீதி நாளால் வகுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், பிரிண்டிங் வெளியே கொடுத்திருந்தால் பேனல் (வெட்டிய துணித் துண்டு) திரும்பி வந்த தேதியைக் கேட்பேன் என்று சொல்லுங்கள். ஏக்யூஎல் பற்றியும் கேட்பார்கள், அதாவது சில பீஸை மட்டும் எடுத்துப் பார்த்து முழு லாட்டையும் ஏற்கலாமா என்று முடிவு செய்யும் தர அளவு. 8,000 பீஸ் லாட், ஜெனரல் லெவல் 2 (வழக்கமான சோதனை நிலை), ஏக்யூஎல் 2.5 என்றால் 200 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், குறையுள்ளவை 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். "அது க்யூசி பார்த்துக்குவாங்க" என்ற பதில் பேக்டரியில் செல்லும், அங்கே செல்லாது.

இப்போதைய கம்பெனியின் டி அண்ட் ஏ ஷீட்டையோ (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்கிற அட்டவணை) காஸ்டிங்கையோ (விலைக் கணக்கு) திறந்து காட்டிவிடாதீர்கள். இங்கிருந்து போகும்போது எங்கள் பைலையும் இப்படித்தான் காட்டுவார் என்றுதான் நினைப்பார்கள். எண்களையும் பையர் பெயரையும் மாற்றி ஒரு மாதிரி ஷீட் தயார் செய்துகொள்ளுங்கள். ஷேர் செய்யும்போது முழு ஸ்கிரீனையும் கொடுக்காமல் அந்த விண்டோவை மட்டும் கொடுங்கள், வாட்ஸ்அப் வெப் மூடியிருக்கட்டும்.

இங்கிலீஷுக்கு வருவோம். "ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்று சொன்னதற்காக மெர்ச்சண்டைசர் வேலையை மறுக்கிறவர்கள் குறைவு. திரையில் கெடுப்பது வேகம். பதற்றத்தில் வேகம் கூடும், வார்த்தையின் கடைசி தேய்ந்துவிடும். எண்களில் கவனம் வையுங்கள். தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டும் அந்தப் பக்கம் ஒன்றாகவே கேட்கும். "தேர்ட்டீன், ஒன் த்ரீ" என்று பிரித்துச் சொல்லுங்கள். தேதியை மாதப் பெயரோடு சொல்லுங்கள், 5/6 என்றால் ஐரோப்பிய பையருக்கு ஜூன், அமெரிக்க பையருக்கு மே. கேள்வி காதில் விழாவிட்டால் ஊகித்துப் பதில் சொல்லாமல், "சாரி, தி லாஸ்ட் பார்ட் பிரோக் அப், குட் யூ ரிப்பீட் இட்?" என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் தமிழர் என்று தெரிந்து தமிழுக்கு மாறினால் நீங்களும் மாறுங்கள், "சரிங்க, ஆமாங்க" தாராளமாக வரட்டும். அடுத்த கேள்வி இங்கிலீஷில் வந்தால் இங்கிலீஷுக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தாளை ஒட்டி, நான்கு ஆர்டருக்கும் நினைவுக்குத் தலைக்கு ஒரு வார்த்தை எழுதிக்கொள்ளலாம். முழுப் பதில் எழுதினால் கண் இடமிருந்து வலம் ஓடுவது பட்டவர்த்தனமாகத் தெரியும். ஏஐயிடம் கேட்டுப் படிக்கிறவர்களும் இதே மாதிரிதான் பிடிபடுகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே அளவு மௌனம், பிறகு ஒரே மூச்சில் மூன்று பாயிண்ட். அறையைச் சுற்றிக் கேமராவைக் காட்டச் சொல்கிற இடங்களும் உண்டு, சொன்னால் தயங்காமல் காட்டுங்கள்.

லைன் கட்டானால் ஒரு நிமிடம் திரும்ப நுழைய முயலுங்கள், முடியாவிட்டால் ஹெச்ஆரிடம் வாங்கிய அந்த நம்பருக்குப் போன் செய்து போனிலேயே தொடரலாமா என்று கேளுங்கள். படம் திணறினால் நீங்களே அனுமதி கேட்டு வீடியோவை அணைத்துவிடுங்கள், குரல் பிழைக்கும். சம்பளம் கேட்டால் கையில் வாங்குவது எவ்வளவு, பிஎஃப் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், பெங்களூர் வாடகையைக் கணக்கிட்டு எதிர்பார்ப்பைச் சொல்லுங்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதை இப்போதைய கம்பெனி கொடுத்த ஆஃபர் லெட்டரில் முன்னதாகப் பார்த்துவையுங்கள்.

தம்பி விஷயம்: கட்ட வேண்டாம். வேலைக்கு எடுக்கிற கம்பெனி லேப்டாப்புக்கு முன்பணம் கேட்காது. முகமும் காட்டாமல் டெலிகிராம் சாட்டிலேயே இன்டர்வியூ முடிந்து, அன்றைக்கே வேலை உறுதி என்பதும் ஏமாற்றுக்காரர்களின் வழக்கம்தான். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் நகல் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் வங்கிக்குத் தகவல் சொல்லிவிட்டு கணக்கைக் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாரோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அந்தச் சாட்டை அழித்துவிட வேண்டாம் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.